ஒட்டிய பிறகு பிரிக்கவும் வேண்டும்: மீள்பிணைப்புப் பசைகளில் எதை எடுப்பது?

ஒட்டினால் அசையாமல் நிற்க வேண்டும். வேண்டாத நாளில் பாகங்கள் சேதமில்லாமல் பிரிய வேண்டும். மிஞ்சிய பசையும் குப்பைக்குப் போகாமல் மறுபடி பயன்பட வேண்டும். மூன்றையும் கேட்டு வருபவர்கள் கடைசியில் சிக்கிக்கொள்வது ஒரு பெயர்ப் பட்டியலில்: டீல்ஸ்–ஆல்டர், டைசல்பைடு, விட்ரிமர், இமின், லிபோயிக் அமிலம். எல்லாமே "மறுசுழற்சி செய்யத்தக்கது" என்றுதான் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒன்று வேலை செய்யும் இடத்தில் மற்றொன்று முழுத் தோல்வி அடையும்.

பெரும்பாலோர் முதலில் கேட்பது "எது வலுவானது?" என்று. அந்தக் கேள்வி தேர்வைத் தவறான பாதையில் இழுத்துவிடும். பிரிக்கும் நாளில் அந்தப் பாகங்களுக்கு என்ன செய்ய முடியும், என்ன செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினால் பட்டியலில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

## சாதாரண எபாக்சி ஏன் பிரிவதில்லை?

இறுகிய எபாக்சி ஒரே பெரிய வலை. அதன் குறுக்குப் பிணைப்புகள் ஒருமுறை உருவானால் உருவானதுதான். சூடாக்கினால் இளகும், ஆனால் உருகி ஓடாது. இன்னும் சூடாக்கினால் கருகும். கரைப்பானில் போட்டால் உப்பும், கரையாது. மீள்பிணைப்புப் பாலிமர்களில் இந்தக் குறுக்குப் பிணைப்புகளின் இடத்தில் திறந்து மூடக்கூடிய பிணைப்புகள் இருக்கின்றன.

திறப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிணைப்பு முதலில் விட்டுப் பிரிந்து, குளிரும்போது மறுபடி சேர்கிறது. சூட்டில் வலை அறுந்து பசை திரவம்போல் ஓடும். மற்றதில், மரம் ஏறுபவர் ஒரு பிடியை உறுதி செய்துகொண்டு அடுத்த கையை மாற்றுவதுபோல, புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் பழையது விடுகிறது. வலையின் மொத்தப் பிணைப்பு எண்ணிக்கை குறைவதே இல்லை. முதல் வகை பிரிப்பதற்கு நல்லது. இரண்டாம் வகை பழுதுபார்ப்பதற்கும் மறுவார்ப்புக்கும் நல்லது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வீணாகும் முயற்சிகள் நிறைய.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமிலத்தில் ஒருமுறை வெட்டுப்படும் பிணைப்புகள் கொண்ட எபாக்சிகளும் இதே பெயரில் வருகின்றன. 2021இல் சீமென்ஸ் கமேசா அறிமுகப்படுத்திய மறுசுழற்சிக் காற்றாலை இறக்கையின் பிசின் அந்த வழியில் வந்தது. அதில் பிணைப்பு வெட்டுப்பட்டால் மறுபடி சேராது. பாகங்களை மீட்க அது போதும்; அதே இடத்தில் மறுபடி ஒட்ட அது உதவாது.

## எதை வைத்து எடைபோடுவது?

பாகங்கள் எவ்வளவு சூடு தாங்கும்? ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பாலிகார்பனேட் 147 டிகிரி சுமாரில். லித்தியம் அயனி மின்கலத்தை 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவதே ஆபத்து. எஃகு, அலுமினியம், கண்ணாடிக்கு 200 டிகிரி ஒரு பொருட்டில்லை.

பிரிக்கும் பொருள் பசையைச் சென்றடையுமா? இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வகத்தில் பசைத் துண்டைக் கரைசலில் போட்டால் எல்லாப் பக்கமும் திரவம் தொடும். உண்மை இணைப்பில் பசை இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.2 மிமீ தடிமனில் ஒளிந்திருக்கும். திரவம் ஓரத்தின் வழியாக மட்டுமே நுழைய முடியும். ஊடுருவும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். பரவல் கெழு (திரவம் பசைக்குள் பரவும் வேகத்தின் அளவு) நொடிக்கு 10⁻¹¹ சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மிமீ உள்ளே போக சுமார் 28 மணி நேரம். 12 மிமீ போக அதன் 144 மடங்கு, அதாவது ஐந்தரை மாதம். 25 மிமீ அகலமுள்ள உலோக இணைப்பின் நடுப்பகுதியை எட்ட ஆகும் காலம் இதுதான். மரம், துணி, நுரை போன்ற நுண்துளைப் பொருள்களில் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் வெப்பத்தை நம்புவதே சரி.

எடை நிரந்தரமாகத் தொங்குமா? திறக்கும் பிணைப்பு சிறிதளவு எப்போதும் திறந்துகொண்டேதான் இருக்கும். அதனால் நீடித்த சுமையில் பசை மெல்ல நழுவும்.

எதை மீட்க வேண்டும்? பாகங்களை மட்டுமா, பசையை வலையாகவே மறுபயன்படுத்தவா, மூலப்பொருளாகத் திரும்பப் பெறவா? மூன்றும் வேறு வேறு வேலை.

மறைந்த செலவு என்ன? அடுப்பில் வைக்கும் நேரம், கரைப்பான் கழிவு, காற்றோட்டம், கையுறை, மூலப்பொருளின் சேமிப்புக் காலம், பிரித்த பரப்பை மறுபடி சுத்தம் செய்யும் உழைப்பு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை: சுமை லேசானது, பயன்பாட்டு வெப்பம் 50 டிகிரியைத் தாண்டாது என்றால், சாதாரண சூடுபசைக் குச்சியோ ஒரு திருகோ போதும். குறுக்குப் பிணைப்பில்லாத தெர்மோபிளாஸ்டிக்கும் சூட்டில் பிரியும், மறுபடி ஒட்டும். அதற்கு மீள்பிணைப்பு வேதியியலைக் கொண்டுவருவது தேவையற்ற செலவு.

## டீல்ஸ்–ஆல்டர் பசை

1928இல் ஓட்டோ டீல்ஸும் குர்ட் ஆல்டரும் விவரித்து, 1950இல் நோபல் பரிசு பெற்ற வினை இது. 2002இல் ஃபிரெட் வுட்லின் குழு ஃபியூரானையும் மாலிமைடையும் வைத்து, விரிசல் விட்டால் சூட்டில் தானாக மூடிக்கொள்ளும் பாலிமரைக் காட்டியது. இன்றைய பசைகளில் பலவும் அதே ஜோடியைத்தான் பயன்படுத்துகின்றன. 60–70 டிகிரியில் சேரும். 110–130 டிகிரியில் பிரியும். உலோகம், கண்ணாடி இணைப்புகளைப் பிரித்தெடுக்க முதலில் எடைபோட வேண்டியது இதுவே.

அளவுக் கணக்கைக் காட்ட ஓர் எளிய கலவை: எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி முனைகள் அடங்கிய பிசினின் கிராம் எடை) 187 உள்ள பிஸ்பீனால்-ஏ பிசின் 100 கிராம், ஃபர்ஃபியூரைல் அமீன் 26 கிராம், பிஸ்மாலிமைடு (இரண்டு மாலிமைடு முனைகள் உள்ள மூலக்கூறு) 48 கிராம். அமீனின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு எபாக்சி முனைகளைப் பிடித்து நீள் சங்கிலி ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூரான் தொங்குகிறது. பிஸ்மாலிமைடு அந்த ஃபியூரான்களைக் குறுக்கே இணைக்கிறது.

வரிசையை மாற்றக் கூடாது. எபாக்சியும் அமீனும் முழுதாக வினைபுரிந்த பிறகே பிஸ்மாலிமைடு சேர வேண்டும். மிச்ச அமீன் இருந்தால் அது மாலிமைடின் இரட்டைப் பிணைப்பைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பிணைப்பு 120 டிகிரியில் திறக்காது. "பிரியவே மாட்டேன் என்கிறது" என்ற புகார்களுக்கு முக்கியக் காரணம் இதுதான். முதல் கட்டத்தைச் சிறு அளவுகளாகச் செய்வதும் முக்கியம்: எபாக்சி–அமீன் வினை ஒரு மோலுக்குச் சுமார் 100 கிலோஜூல் வெப்பம் விடும். மேலே சொன்ன 126 கிராம் கலவையில் அது 53 கிலோஜூல். வெளியேற வழியில்லாவிட்டால் கலவையின் சூடு தானாகவே 200 டிகிரிக்கு மேல் ஏறப் போதுமானது.

அடுத்த தவறு பிரிக்கும்போது நடக்கிறது. சீக்கிரம் பிரியட்டும் என்று 150 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் மாலிமைடு தன்னோடு தானே பாலிமராகும். ஒவ்வொரு முறையும் சிறிது மாலிமைடு இப்படி வீணாக, மூன்றாம் நான்காம் சுற்றில் பசை பிரியவும் தயங்கும், சேரவும் தயங்கும். ஹைட்ரோகுவினோன் சிறிதளவு சேர்த்தால் இது தள்ளிப்போகும், நிற்காது. 130 டிகிரியில் பொறுமையாக வைப்பதே நல்லது.

மறுபடி ஒட்டிய உடனே இழுத்துப் பார்த்து "வலு போய்விட்டது" என்று தீர்ப்பளிப்பவர்களும் உண்டு. சட்டென்று குளிரவைத்தால் பிரிந்த முனைகள் ஒன்றையொன்று தேடிச் சேர நேரமில்லாமல் உறைந்துவிடும். 60–70 டிகிரியில் பல மணி நேரம், தடிமனான வலைகளில் ஒரு நாள்வரை வைத்தால்தான் வலு திரும்பும். இந்த அடுப்பு நேரமே இந்தப் பசையின் மறைந்த செலவு. பிஸ்மாலிமைடும் எபாக்சியும் தோலில் ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடியவை. நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

எடுக்கலாம்: 120 டிகிரி தாங்கும் பாகங்கள், பயன்பாட்டில் 70 டிகிரிக்குள் இருப்பவை. வேண்டாம்: மின்கலங்கள், ஏபிஎஸ் உறைகள், இயந்திரத்தின் சூடான பக்கம்.

## டைசல்பைடு எபாக்சி

சுமை தாங்கும் கட்டமைப்புப் பசைக்கு மிக அருகில் வரும் தேர்வு. வழக்கமான எபாக்சி பிசினையே வைத்துக்கொண்டு, கடினமாக்கியை மட்டும் 4-அமினோஃபீனைல் டைசல்பைடாக மாற்றினால் போதும். அதன் மூலக்கூறு எடை 248, வினைபுரியும் ஹைட்ரஜன் நான்கு. எனவே சமான எடை 62. மேலே சொன்ன பிசினின் 100 கிராமுக்கு 33 கிராம் வேண்டும். 80 டிகிரி சுமாரில் உருக்கிக் கலந்து, 120 டிகிரியில் இரண்டரை மணி நேரம், பிறகு 150 டிகிரியில் 2 மணி நேரம். வினையூக்கி தேவையில்லை. இறுகியது சுமார் 130 டிகிரிவரை கண்ணாடி நிலையில் உறுதியாக இருக்கும். நிறம் அடர் பழுப்பு. ஒளி ஊடுருவ வேண்டிய கண்ணாடி இணைப்புக்குப் பொருந்தாது.

இரு கந்தக அணுக்கள் சேர்ந்த டைசல்பைடுப் பிணைப்புகள் சூட்டில் இடம் மாறிக்கொள்வதால், 200 டிகிரியில் அழுத்தினால் விரிசல் மூடும், வளைந்த தகடு வேறு வடிவம் எடுக்கும். ஆனால் அந்தச் சூட்டிலும் வலை அறுந்து ஓடுவதில்லை. இளகி நகர்கிறது, அவ்வளவுதான். பாகங்களைப் பிரிக்கச் சூட்டோடு ஆப்பு அல்லது இழுவிசையும் வேண்டும். தயோல் (கந்தக–ஹைட்ரஜன் முனையுள்ள சேர்மம்) கரைசலில், உதாரணமாக டைமெதில்ஃபார்மமைடில் கலந்த மெர்காப்டோஎத்தனாலில், பசை முழுதாகக் கரையும். கார்பன் இழையைச் சேதமில்லாமல் மீட்க இது அருமையான வழி. அகல உலோக இணைப்பில் அந்தக் கரைசல் நடுவை எட்டாது. மேலே போட்ட பரவல் கணக்கு இங்கேதான் கடிக்கிறது. தயோலின் நாற்றம் நாள்கணக்கில் அறையை விட்டுப் போகாது, செம்பு, வெள்ளிப் பரப்புகளையும் கறுக்க வைக்கும். கரைப்பானோ இனப்பெருக்க நலனைப் பாதிக்கக்கூடியது. மூடிய அமைப்பும் கழிவு ஏற்பாடும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

## எஸ்டர் விட்ரிமர்

2011இல் பாரிஸில் லுட்விக் லெய்ப்லரின் குழு, எபாக்சியையும் கொழுப்பு அமிலங்களையும் துத்தநாக உப்பின் துணையோடு இறுக்கி, கண்ணாடியைப் போல் சூட்டில் வடிவமைக்கத்தக்க எஸ்டர் (அமிலமும் எபாக்சியும் சேர்ந்து உருவாகும் பிணைப்பு) வலையைக் காட்டியது. விட்ரிமர் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. பிடியை மாற்றிக்கொள்ளும் வகைக்கு இது முன்மாதிரி.

இதன் தனிச் சிறப்பு, முழுதாக இறுகிய இரண்டு தகடுகளையே ஒன்றோடொன்று ஒட்டலாம். 150–200 டிகிரியில் அழுத்தினால் எல்லையைத் தாண்டிப் பிணைப்புகள் கைமாறி, இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஈரப் பசையாகத் தடவுவதை விட, முன்பே இறுக்கிய மெல்லிய படலமாக இடையில் வைத்து அழுத்துவதே சிறந்தது. நேரக் கணக்கு எளிது: கிளர்வாற்றல் (பிணைப்பு கைமாறத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 85 கிலோஜூல் சுமாராக இருந்தால், 150 டிகிரியிலிருந்து 170க்கு ஏற்றும்போது ஆகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகும்.

தயாரிப்பில் கெடுவது பெரும்பாலும் துத்தநாக அசிட்டேட்டைக் கரைக்கும் கட்டத்தில்தான். அமிலத்தின் கார்பாக்சில் கணக்கில் 5 மோல் சதவீதம் எடுத்து, வெற்றிடத்தில் 110 டிகிரியிலிருந்து 170 வரை மெல்ல ஏற்ற வேண்டும். அப்போது நீரும் அசிட்டிக் அமிலமும் கொதித்து வெளியேறும். குமிழ் முழுதாக அடங்காமல் எபாக்சியைச் சேர்த்தால், அந்தக் குமிழ்கள் அப்படியே பசை அடுக்கில் உறைந்துவிடும்.

வினையூக்கி பசையிலேயே ஆயுள் முழுக்கத் தங்கிவிடும் என்பது மறைந்த விலை. சூடான ஈரமும் காரமும் எஸ்டரை மெல்ல அறுக்கும். 180 டிகிரி எத்திலீன் கிளைக்காலில் சில மணி நேரத்தில் கரைத்து வலையை மீட்கலாம். ஆனால் அந்தச் சூட்டையும் கிளைக்காலையும் பாகங்களும் தாங்க வேண்டும்.

## இமின்

ஆல்டிஹைடும் அமீனும் சேர்வது. 2014இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் வெய் ஜாங் குழு, நீரால்கூட இளக்கி வடிவமைக்கத்தக்க பாலிஇமினை வெளியிட்டது. மிதமான அமிலத்திலோ மிகை டைஅமீனிலோ கரைந்துவிடும். பிரிப்பதில் இவ்வளவு எளிதானது குறைவு.

நேரடிப் பசையாக இதற்கு ஒரு பெரும் தடை இருக்கிறது. 100 கிராம் டெரெஃப்தலால்டிஹைடு வினைபுரியும்போது 27 கிராம் நீர் வெளிவரும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அதற்குப் போக்கிடம் இல்லை, ஆவிக் குமிழாகும். முதலில் படலமாக வார்த்து உலர்த்தி, பிறகு சூட்டில் அழுத்துவதே வழி. ஈரமான இடத்தில் நீண்ட நாள் நிற்காது. மரம், துணி, தற்காலிக இணைப்பு என்றால் எடுக்கலாம்.

## லிபோயிக் அமிலப் பசை

இந்தப் பட்டியலில் வட்டத்தை உண்மையாகவே முழுமையாக்குவது இதுதான். மற்ற வழிகளில் பாகமோ வலையோ மீள்கிறது, இதில் தொடங்கிய மூலக்கூறே கைக்குத் திரும்புகிறது. உடலில் இயற்கையாகவே இருக்கும் இந்த மஞ்சள் தூள் 60–62 டிகிரியில் உருகும். அதன் ஐந்து அணு வளையத்தில் ஒரு டைசல்பைடு இருக்கிறது. சூட்டில் வளையம் திறந்து சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்.

சிக்கல் அதே எளிமையில்தான். உருக்கி இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்த பசை முதல் நாள் ஒளி ஊடுருவும் மஞ்சளாக, நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சில நாளில் ஓரத்திலிருந்து வெண்மை படரும். சங்கிலி மறுபடி வளையமாகி, படிகமாகி, பிடி விட்டுவிடும். இதைத் தடுக்க இரண்டு வழிகள் நிலைபெற்றுள்ளன. 2018இல் ஷாங்காய் குழு, டைஐசோபுரோபெனைல்பென்சீனைச் சேர்த்துச் சங்கிலி முனைகளை அடைத்து, இரும்பு குளோரைடால் கார்பாக்சில்களைக் கட்டியது. 2024இல் பெர்க்லியில் ஃபிலிப் மெஸ்ஸர்ஸ்மித்தின் குழு, சங்கிலி தானாக அவிழ்வதைத் தடுக்கும் நிலைப்படுத்தியைச் சேர்த்து, அறுவைசிகிச்சை முதல் தொழிற்சாலைப் பயன்பாடு வரை ஒரே குடும்பப் பசைகளைக் காட்டியது. நிலைப்படுத்தாத பசையை உண்மையான பொருளில் வைக்கவே கூடாது.

மீட்பது இப்படி: 100 கிராம் லிபோயிக் அமிலத்துக்கு 19.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சமானம். சற்று கூடுதலாக எடுத்து நீர்த்த கரைசலில் கரைக்க வேண்டும். செறிவு குறைவாக இருந்தால்தான் சங்கிலி வளையமாகத் திரும்ப முற்படும். வடிகட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 3க்குக் கீழே கொண்டுவந்தால் மஞ்சள் படிவு விழும். குளிர்ந்த நீரில் கழுவி, வெளிச்சம் படாமல், சூடேற்றாமல் உலர்த்த வேண்டும். அடுப்பில் வைத்தால் மறுபடி பாலிமராகிவிடும்.

ஒட்டிய பொருள் அலுமினியம் என்றால் இந்த வழி மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். துத்தநாகம் பூசிய தகடும் அப்படியே. முதலில் சூடாக்கிப் பிரித்து, பசையை வழித்தெடுத்த பிறகே காரத்தில் போட வேண்டும். பயன்பாட்டிலும் காரத்தன்மையுள்ள சலவைக் கரைசல் பட்டால் பசை பலவீனமாகும்.

## ஒரே பார்வையில்

| பசை | ஒட்டும் நிலை | பிரிக்கும் வழி | மீள்வது | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|---|
| டீல்ஸ்–ஆல்டர் | 60–70 டிகிரி, பல மணி நேரம் | 110–130 டிகிரி சூடு | பாகம், வலை | 70 டிகிரி தாண்டும் பயன்பாடு |
| டைசல்பைடு எபாக்சி | 120, பின் 150 டிகிரி | 200 டிகிரி சூடும் விசையும், அல்லது தயோல் | இழை, வலை | செம்பு, அகல இணைப்பு, காற்றோட்டமில்லா அறை |
| எஸ்டர் விட்ரிமர் | 150–200 டிகிரி அழுத்தம் | சூடும் விசையும், அல்லது சூடான கிளைக்கால் | வலை | சூடான ஈரம், காரம் |
| இமின் | படலம், பின் சூடான அழுத்தம் | அமிலம், டைஅமீன் | வலை | ஈரம், நீண்ட ஆயுள் |
| லிபோயிக் அமிலம் | 60 டிகிரிக்கு மேல் உருக்கி | சூடு, நீர்த்த காரம் | மூலப்பொருளே | அலுமினியத்தில் நேரடிக் காரம் |

மின்கலம் ஒட்டியிருக்கும் பொருள் என்றால் இந்தப் பட்டியலில் 60 டிகிரிக்குள் வெப்பத்தால் பாதுகாப்பாகப் பிரிவது எதுவும் இல்லை. அங்கே இழுத்தால் நீண்டு கழன்றுவரும் ஒட்டுப்பட்டையே சரியான தேர்வு.

## முடிவெடுக்கும் முன் பெஞ்சில் பார்க்க வேண்டியது

சோதனைக்கு ஒரு ஜோடி: 1.6 மிமீ தடிமனுள்ள தகடுகள், 25.4 மிமீ அகலம், 12.7 மிமீ மேற்பொருத்தம் (ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம்). பரப்பு 322.6 சதுர மிமீ. 10 மெகாபாஸ்கல் தாங்கினால் 3,226 நியூட்டன், அதாவது சுமார் 330 கிலோ எடை. பசையில் 0.2 மிமீ கண்ணாடி மணிகளைச் சிறிது தூவினால் அடுக்கின் தடிமன் மாறாது. தடிமன் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு பசைக்கும் குறைந்தது ஐந்து ஜோடிகள். ஒட்டி இழுத்து, பிரித்து, மறுபடி ஒட்டி இழுத்து, இன்னொரு முறையும் செய்ய வேண்டும். எண்ணோடு உடைந்த பரப்பையும் பாருங்கள். இரண்டு தகடுகளிலும் பசை இருந்தால் பசைதான் கிழிந்தது; ஒரு தகடு பளிச்சென்று இருந்தால் அங்கே பரப்புத் தயாரிப்பு போதவில்லை, பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தகட்டைத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

நழுவலைப் பார்க்க இன்னும் எளிய வழி உண்டு. இணைப்பின் பக்கவாட்டு விளிம்பில், ஒரு தகட்டிலிருந்து பசையைக் கடந்து மறு தகடுவரை, கூர்கத்தியால் ஒரே நேர்கோடு கீறுங்கள். 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் இதே பரப்பில் அரை மெகாபாஸ்கல் விழும். பொருள் உண்மையில் சந்திக்கப்போகும் மிக அதிக வெப்பத்தில் ஒரு வாரம் விடுங்கள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்தக் கோடு பசை அடுக்கில் படிபோல் முறிந்திருந்தால், அந்தப் பசை அந்தச் சுமைக்கு ஆகாது.